எவ்வளவு வேகத்தில் எறிந்தால் எவ்வளவு உயரம் போகும்? எறிவேகக் கணக்கு, அடிப்படையிலிருந்து

சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினத்தின் உச்சி 165 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு ஒரு கிரிக்கெட் பந்தை நேர்செங்குத்தாக அனுப்ப என்ன வேகம் வேண்டும்? பள்ளியில் படித்த சூத்திரம் மணிக்கு 205 கிலோமீட்டர் என்று சொல்லும். காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்கு 420 கிலோமீட்டர் வரை வேண்டியிருக்கும். அதே பந்து, அதே உயரம், விடை மட்டும் இரண்டு மடங்கு.

எந்த உயரத்துக்கு எந்தத் திருத்தம் தேவை, எதைத் தைரியமாக விட்டுவிடலாம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தண்ணீர் ராக்கெட் செய்யும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும், கூட உட்கார்ந்து உதவும் பெற்றோருக்கும், விண்வெளிச் செய்திகளைப் படித்துவிட்டு எண்களைத் தாமே சரிபார்க்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படும். ஒரு கால்குலேட்டரும், எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸும் போதும்.

முதலில் அலகுகள்

எல்லாவற்றையும் மீட்டர், கிலோகிராம், விநாடி ஆகியவற்றுக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். புதிதாகச் செய்பவர்களின் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன: கிலோமீட்டரை அப்படியே போட்டுவிடுவார்கள், கிராமைக் கிலோவாக மாற்ற மறப்பார்கள், விட்டத்தை ஆரமாக எடுத்துப் பரப்பைக் கணக்கிடுவார்கள். கடைசித் தவறில் பரப்பு நான்கு மடங்காகிவிடும். மணிக்குக் கிலோமீட்டர் என்ற விடை வேண்டுமானால், விநாடிக்கு மீட்டரில் வந்த விடையை இறுதியில் 3.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஈர்ப்பு முடுக்கத்துக்குப் பாடநூல்கள் 9.81 என்று தரும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருப்பதால் இங்கே 9.78 பொருத்தமானது. இந்த வித்தியாசத்தால் வேகத்தில் 0.2 சதவீதம்கூட மாறாது. ஆகவே யாராவது 9.81 போட்டிருந்தால் அதற்காகச் சண்டை பிடிக்க வேண்டாம்.

முதல் படி: காற்று இல்லை என்று வைத்துக்கொள்வது

மேலே போகும் பொருளின் இயக்க ஆற்றல் முழுவதும் உச்சியில் நிலை ஆற்றலாகிவிடுகிறது. இரண்டையும் சமப்படுத்தினால் நிறை இருபுறமும் அடிபட்டுப்போகும், மிஞ்சுவது இதுதான்:

எறிவேகம் = √(2 × ஈர்ப்பு × உயரம்)

165 மீட்டருக்கு 2 × 9.78 × 165 = 3227. அதன் வர்க்கமூலம் 56.8. அதாவது விநாடிக்கு 56.8 மீட்டர்.

உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு உயரத்துக்கு 1.41 மடங்கு வேகம் போதும். ஆனால் வேகத்தை அளப்பதில் 5 சதவீதம் பிசகினால் உயரத்தில் 10 சதவீதம் பிசகும்.

சாய்வாக எறிந்தால் செங்குத்துக் கூறு மட்டுமே உயரம் தரும். மேலே வந்த வேகத்தை, தரையோடு உண்டாகும் கோணத்தின் சைனால் வகுக்க வேண்டும். 75 பாகையில் ஏவினால் காற்றில்லாக் கணக்கின்படி செங்குத்து ஏவுதலின் உயரத்தில் 93 சதவீதம் கிடைக்கும், 45 பாகையில் பாதிதான். எக்செல்லில் சைன் போடும்போது கோணத்தை ரேடியனாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால் 75 பாகைக்கு மைனஸ் விடை வந்து நிற்கும்; எங்கே தப்பு என்று அரை மணி நேரம் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: உயரே போகப் போக ஈர்ப்பு குறைவது

பூமியின் மையத்திலிருந்து விலக விலக ஈர்ப்பு தளர்கிறது. அதைச் சேர்க்க ஒரு சின்ன மாற்றம் போதும். மேலே உள்ள சூத்திரத்தில் உண்மையான உயரத்துக்குப் பதிலாக இந்த 'ஈடான உயரத்தை'ப் போடுங்கள்:

ஈடான உயரம் = உயரம் × புவி ஆரம் ÷ (புவி ஆரம் + உயரம்)

புவி ஆரத்துக்கு நிலநடுக்கோட்டு மதிப்பு 6378 கிலோமீட்டர். விண்வெளியின் எல்லையாகப் பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் 100 கிலோமீட்டரைப் பாருங்கள். ஈடான உயரம் 98.46 கிலோமீட்டர். எறிவேகம் விநாடிக்கு 1388 மீட்டர். ஈர்ப்பு மாறவில்லை என்று வைத்துக்கொண்டிருந்தால் 1399 வந்திருக்கும். வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால் 100 கிலோமீட்டருக்குக் கீழே இந்தத் திருத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

மேலே போனால்தான் கதை மாறும். மாறாத ஈர்ப்பு, குறையும் ஈர்ப்பு என்ற வரிசையில், விநாடிக்கு மீட்டரில்:

400 கிமீ: 2797, 2713
1000 கிமீ: 4423, 4112
35,786 கிமீ: 26,457, 10,290

கடைசி வரி, பூமியோடு சேர்ந்து சுற்றும் தொலைத்தொடர்புத் துணைக்கோள்கள் இருக்கும் உயரம். எளிய சூத்திரம் அங்கே விநாடிக்கு 26 கிலோமீட்டருக்கு மேல் கேட்கிறது. ஆனால் பூமியை விட்டு ஒரேயடியாகப் போய்விடவே விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் போதும். அதுதான் விடுபடு வேகம். உயரத்தை எல்லையில்லாமல் கூட்டிக்கொண்டே போனாலும் ஈடான உயரம் 6378 கிலோமீட்டரைத் தாண்டாது. விடுபடு வேகம் என்று ஒன்று இருப்பதற்குக் காரணமே அதுதான்.

இந்த வேகங்களைப் பார்த்துவிட்டு 'அப்படியானால் துணைக்கோளை ஏவ இவ்வளவுதானா' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த உயரத்தைத் தொடுவது வேறு, அங்கேயே தங்கிச் சுற்றுவது வேறு. சிங்கப்பூரின் டெலியோஸ்-1 துணைக்கோள் 2015 டிசம்பர் 16 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி29 ராக்கெட்டில் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. 550 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டுத் திரும்ப விநாடிக்கு 3150 மீட்டர் போதும். அந்த உயரத்தில் விழாமல் சுற்றிக்கொண்டிருக்கக் கிடைவாட்டில் இன்னும் 7590 மீட்டர் வேண்டும். ராக்கெட் எரிபொருளில் பெரும்பகுதி இந்தக் கிடைவேகத்துக்கே செலவாகிறது. இந்தக் கட்டுரை தொட்டுத் திரும்புவதைப் பற்றி மட்டுமே.

மூன்றாம் படி: காற்று

உண்மையான சிக்கல் இங்கேதான். நூறு மீட்டருக்குள் எறியும் எதற்கும் ஈர்ப்பு மாறுவதைவிடக் காற்று ஆயிரம் மடங்கு முக்கியம். முதலில் 'தடை எண்' ஒன்றைக் கணக்கிட வேண்டும்:

தடை எண் = காற்றடர்த்தி × இழுவைக் குணகம் × குறுக்குவெட்டுப் பரப்பு ÷ (2 × நிறை)

சிங்கப்பூரில் 30 பாகை வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த காற்றுக்கு அடர்த்தி கனமீட்டருக்கு 1.15 கிலோ என்று எடுங்கள். நூல்களில் இருக்கும் 1.225 என்பது 15 பாகையில் உலர்ந்த காற்றுக்கு உரியது. இங்கே அது 6 சதவீதம் அதிகம். இழுவைக் குணகம் என்பது பொருளின் வடிவம் காற்றில் எவ்வளவு தடை உண்டாக்குகிறது என்று காட்டும் எண்; அது உருண்டைக்குச் சுமார் 0.5, மூக்கும் துடுப்பும் வைத்த போத்தல் ராக்கெட்டுக்கு 0.4 என்று தொடங்கலாம். பரப்பு என்பது எதிரே நின்று பார்த்தால் தெரியும் வட்டம்: 3.1416 × ஆரம் × ஆரம்.

அடுத்து, முற்றுவேகம். உயரத்திலிருந்து விழும்போது காற்றின் தடையும் எடையும் சமமாகி, அதற்கு மேல் வேகம் கூடாமல் நிற்கும் நிலை அது.

முற்றுவேகம் = √(ஈர்ப்பு ÷ தடை எண்)

கடைசியாக நமக்கு வேண்டியது (^ குறிக்குப் பின் வருவது அடுக்கு):

எறிவேகம் = முற்றுவேகம் × √(2.718^(2 × தடை எண் × உயரம்) − 1)

இப்போது கிரிக்கெட் பந்து. நிறை 0.16 கிலோ, விட்டம் 7.2 சென்டிமீட்டர், பரப்பு 0.00407 சதுர மீட்டர். தடை எண் 1.15 × 0.5 × 0.00407 ÷ 0.32 = 0.0073. முற்றுவேகம் 36.6. 165 மீட்டருக்கு அடுக்கில் வருவது 2.41, அடுக்கின் மதிப்பு 11.2, ஒன்றைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 3.19. 36.6 × 3.19 = விநாடிக்கு 117 மீட்டர். தொடக்கத்தில் சொன்ன 420 இதுதான். மிக வேகமாகப் போகும் பந்தில் இழுவைக் குணகம் சட்டென்று இறங்கும் கட்டம் ஒன்று உண்டு. அதனால் 0.5 என்பது மேல்வரம்பு என்று கொள்ளுங்கள்; உண்மை விடை இதற்குச் சற்றுக் கீழே இருக்கலாம்.

இதே கணக்கை மேசைப்பந்துக்குப் போட்டால் திகைத்துப்போவீர்கள். நிறை 2.7 கிராம், விட்டம் 40 மில்லிமீட்டர், தடை எண் 0.134, முற்றுவேகம் வெறும் 8.5. பத்து மீட்டர் உயரத்துக்கு விநாடிக்கு 31 மீட்டர் கேட்கிறது. இருபது மீட்டருக்கு 124 மீட்டர்! உயரம் இரண்டு மடங்கானதற்கு வேகம் நான்கு மடங்கு. உயரம் அடுக்குக்குறியில் உட்கார்ந்திருப்பதால் வரும் விளைவு இது. ஒரு பொருளின் முற்றுவேகம் குறைவாக இருந்தால், ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு பலமாக எறிந்தாலும் பலன் இல்லை.

தண்ணீர் ராக்கெட் செய்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் போத்தல், விட்டம் 9 சென்டிமீட்டர், தண்ணீர் தீர்ந்தபின் நிறை 120 கிராம் என்று வையுங்கள். 40 மீட்டருக்கு வேண்டிய வேகம் விநாடிக்கு 36.4 மீட்டர். இதையே 80 கிராமுக்கு இளைக்க வைத்தால் 42 மீட்டர் வேண்டும். இளைத்த போத்தல் கிளம்பும்போது எளிதில் வேகம் பிடிக்கும், ஆனால் அந்த வேகத்தைக் காற்றில் சீக்கிரம் இழந்துவிடும். மூக்கில் கொஞ்சம் களிமண் வைத்தால் சிலசமயம் உயரம் கூடுவதற்குக் காரணம் இதுவே. ராக்கெட் தலைகுப்புறச் சுழலாமல் நேராகப் போவதற்கும் அந்த எடை உதவுகிறது.

போத்தலுக்கு இந்த 'எறிவேகம்' என்பது தண்ணீர் முழுவதும் பீய்ச்சி முடிந்த கணத்தின் வேகம். அது தரையில் இல்லை, தரையிலிருந்து சில மீட்டர் மேலே. அந்த உயரத்தைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லா ராக்கெட்டுக்கும் இதே விதிதான்: எரிபொருள் தீரும் இடத்தில் ஒரு கோடு போட்டு, அதற்கு மேல் மட்டும் இந்தச் சூத்திரங்களைப் பயன்படுத்த வேண்டும்.

நான்காம் படி: காற்று மெலியும் உயரங்கள்

மேலே உள்ள சூத்திரம் காற்றடர்த்தி மாறாது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு கிலோமீட்டர் வரை அது போதும். பத்து, நூறு கிலோமீட்டர் என்று போனால் காற்று வேகமாக மெலிகிறது. 10 கிலோமீட்டரில் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், 30 கிலோமீட்டரில் நூற்றில் இரண்டுக்கும் குறைவு.

இங்கே ஒரு அருமையான குறுக்குவழி இருக்கிறது. எறியும் பொருளின் தலைக்கு நேர் மேலே, அதன் குறுக்களவிலேயே ஒரு காற்றுத் தூண் வானம் முடியும் வரை நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு அந்தத் தூணின் நிறை சுமார் 10,300 கிலோ; அதைப் பொருளின் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் தூணின் நிறை கிடைக்கும். பொருள் அந்தத் தூண் முழுவதையும் துளைத்துக்கொண்டு போக வேண்டும். வேகம் மிக அதிகமாக இருந்தால் கணக்கு இப்படிச் சுருங்கும்:

பெருக்க வேண்டிய எண் = 2.718^(இழுவைக் குணகம் × தூணின் நிறை ÷ (2 × பொருளின் நிறை))

இந்த எண்ணால் இரண்டாம் படியின் விடையைப் பெருக்குங்கள், அவ்வளவே.

கிரிக்கெட் பந்தை 100 கிலோமீட்டருக்கு அனுப்ப முடியுமா? அதன் மேலிருக்கும் தூண் 42 கிலோ. பந்து 160 கிராம். அடுக்கில் 65 வருகிறது. பெருக்க வேண்டிய எண் ஒன்றுக்குப் பின்னால் இருபத்தெட்டுச் சுழியம். ஒளியின் வேகத்தையும் தாண்டிப் போகும் விடை, அதாவது நடக்காது.

ஒரு மீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் விட்டம், கூர்மூக்கு கொண்ட எஃகுத் தண்டை எடுங்கள். நிறை சுமார் 10 கிலோ. தலைக்கு மேலே தூண் 13 கிலோ. இழுவைக் குணகம் 0.3 என்று வைத்தால் அடுக்கில் 0.195, பெருக்க வேண்டிய எண் 1.215. 1388-ஐப் பெருக்கினால் 1686. காற்றால் வேகத்தில் 21 சதவீதம் மட்டுமே கூடுகிறது. கனமாகவும் ஒல்லியாகவும் இருப்பதுதான் உயரப் போவதன் ரகசியம்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல, நடந்தும் இருக்கிறது. 1966 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள யூமாவில், கனடாப் பொறியாளர் ஜெரால்ட் புல் தலைமையிலான ஹார்ப் திட்டத்தின் 16 அங்குலப் பீரங்கி, 84 கிலோ மார்ட்லெட்-2 எறிபொருளை விநாடிக்கு 2100 மீட்டர் வேகத்தில் மேலே அனுப்பியது. அது 180 கிலோமீட்டரை எட்டியது. இரண்டாம் படிப்படி 180 கிலோமீட்டருக்கு 1850 மீட்டர் போதும். அதிகமாகச் செலவான 13 சதவீதம் காற்றுக்குக் கொடுத்த விலை. காற்றே இல்லையென்றால் 2100 மீட்டர் வேகம் அதை 234 கிலோமீட்டருக்குக் கொண்டுபோயிருக்கும்.

துல்லியம் வேண்டுமானால்: மேலிருந்து கீழே

குறுக்குவழி ஓரிரு சதவீதம் கூடுதலாகக் காட்டும். சரியான விடைக்கு எக்செல்லில் ஓர் அட்டவணை போட வேண்டும். பெரும்பாலானோர் ஒரு வேகத்தை ஊகித்து, தரையிலிருந்து மேலே கணக்கிட்டு, உயரம் போதவில்லை என்றால் வேகத்தைக் கூட்டி, மறுபடி மறுபடி செய்வார்கள். அது வேண்டியதில்லை. உச்சியில் வேகம் சுழியம் என்பது நமக்கு முன்பே தெரியும். அங்கிருந்து தொடங்கிப் படிப்படியாக இறங்கிவந்தால் ஊகமே இல்லாமல் தரையில் விடை கிடைத்துவிடும்.

வேகத்தை நேரடியாக வைக்காமல் வேகத்தின் வர்க்கத்தை வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு எளிதாகும். 100 கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டர் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு வரிசை எழுதுங்கள். முதல் நெடுவரிசையில் அடுக்கின் நடு உயரம் (99,500, 98,500 என்று). இரண்டாவதில் அந்த உயரத்தின் ஈர்ப்பு: 9.78 × (6378 ÷ (6378 + கிலோமீட்டரில் உயரம்))². மூன்றாவதில் காற்றடர்த்தி: 1.15 × 2.718^(−உயரம் ÷ 9000). நான்காவதில் அந்த அடர்த்திக்கான தடை எண். ஐந்தாவதில்தான் வேலை:

கீழ் விளிம்பின் வர்க்கம் = மேல் விளிம்பின் வர்க்கம் + 2 × அடுக்கின் தடிமன் × (ஈர்ப்பு + தடை எண் × மேல் விளிம்பின் வர்க்கம்)

ஆறாவதில் அதன் வர்க்கமூலம். முதல் வரிசையில் ஈர்ப்பு 9.482, அடுக்கு 1000 மீட்டர், வர்க்கம் 18,964, வேகம் 137.7. அடுத்த வரிசையில் 37,933, வேகம் 194.8. இந்த இரண்டு எண்களும் உங்கள் திரையில் வரவில்லை என்றால் மேற்கொண்டு இழுக்காமல் அங்கேயே நிறுத்தித் தவற்றைத் தேடுங்கள். அந்த உயரத்தில் காற்று அநேகமாக இல்லாததால், தவறு ஈர்ப்பு நெடுவரிசையிலோ அலகிலோதான் இருக்கும்.

நம் எஃகுத் தண்டுக்கு இப்படி இறங்கிவந்தால் 10 கிலோமீட்டர் உயரத்தில் வேகம் சுமார் 1390, தரையில் சுமார் 1660. அதாவது முதல் 10 கிலோமீட்டரிலேயே 270 போய்விடுகிறது. ஈர்ப்பு மட்டும் இருந்தால் அங்கே 60தான் குறைந்திருக்கும். மிச்சமெல்லாம் காற்று தின்றது. மலை உச்சியிலிருந்து எறிந்தால் நல்ல லாபம் என்பதும் இதிலிருந்து புரியும். புக்கிட் தீமா குன்றின் 163 மீட்டர் அதற்குப் போதாது.

இரண்டு எச்சரிக்கைகள். அடர்த்திக்கு மேலே தந்த சூத்திரம் மொத்தக் காற்றின் அளவைச் சரியாகத் தருகிறது, ஆனால் தனித்தனி உயரங்களில் பிசகும்: 20 கிலோமீட்டரில் அது 0.125 என்று காட்டும், திட்ட வளிமண்டல அட்டவணையில் 0.089. நுணுக்கம் தேவைப்படுபவர்கள் அட்டவணை எண்களையே மூன்றாம் நெடுவரிசையில் போடலாம். அடுத்தது, இழுவைக் குணகம் ஒலியின் வேகத்தை ஒட்டி மேலே ஏறி, அதைத் தாண்டியபின் மெல்ல இறங்கும். சிங்கப்பூர்க் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர். மேலிருந்து இறங்கும் முறையில் ஒவ்வொரு வரிசையிலும் வேகம் கையில் இருப்பதால், 'வேகம் இவ்வளவு என்றால் குணகம் இவ்வளவு' என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது எளிது.

பூமியின் சுழற்சியையும் பலர் கேட்பார்கள். நிலநடுக்கோட்டில் தரை விநாடிக்கு 465 மீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. துணைக்கோள் ஏவ அது பெரிய உதவி. செங்குத்து உயரத்துக்கு அதனால் பயனில்லை. ஆனால் விழும் இடம் மாறும். பாடாங் திடலில் நின்று 100 கிலோமீட்டருக்கு நேர் மேலே எறிந்தால், காற்றே இல்லாத கணக்கில்கூட, பொருள் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் மேற்கே 2.7 கிலோமீட்டர் தள்ளி, தியோங் பாரு பக்கம் வந்து விழும். மேலே போன பொருள் சுழற்சியில் பின்தங்கிவிடுகிறது. கீழே தரை முன்னேறிவிடுகிறது.

திடலில் சரிபார்ப்பது

முதலில் அனுமதி. சிங்கப்பூரில் ஆளில்லா வானூர்திகள் 200 அடிக்கு மேல், அதாவது கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டருக்கு மேல் பறக்க அனுமதி வேண்டும். சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்களும் பாய லேபார், தெங்கா, செம்பவாங் விமானப்படைத் தளங்களும் தீவு முழுக்கப் பரவியிருக்கின்றன; அவற்றைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் அதே நிலை. ராக்கெட் போன்ற எதையும் ஏவுவதற்கு முன் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடமும் திடலின் பொறுப்பாளரிடமும் கேட்டுவிடுங்கள். வெடிமருந்து நிரப்பிய எதையும் உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். தண்ணீரோடும் அழுத்தக் காற்றோடும் நின்றுகொள்ளுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்குகளுக்கு இடையே கூடவே கூடாது. 165 மீட்டர் போன அந்தக் கிரிக்கெட் பந்து திரும்பித் தரைக்கு வரும்போது மணிக்கு 125 கிலோமீட்டர் வேகத்தில் வரும்.

வேகத்தை அளக்கக் கைபேசியின் மெதுவோட்டக் காணொளி போதும். விநாடிக்கு 240 படம் எடுக்கும் முறையில், 30 மீட்டர் வேகத்தில் போகும் போத்தல் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 12.5 சென்டிமீட்டர் நகரும். ஏவுமேடைக்குப் பக்கத்தில், அதே தூரத்தில், பத்துப் பத்து சென்டிமீட்டருக்குக் கறுப்பு நாடா சுற்றிய நீளக் கம்பை நிறுத்துங்கள். கம்பு கேமராவுக்கு அருகிலும் போத்தல் தள்ளியும் இருந்தால் வேகம் குறைவாகத் தெரியும். தண்ணீர்த் தாரை நின்று வெறும் நீர்ப்புகை வரும் படத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பின்னுள்ள நான்கைந்து படங்களை எண்ணிச் சராசரி எடுங்கள்.

உயரத்துக்கு, ஏவுமேடையிலிருந்து 40 மீட்டர் தள்ளி ஒருவர் நின்று உச்சியின் ஏறுகோணத்தைக் கைபேசியில் அளக்கட்டும். 40-ஐக் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்கி, கண் உயரத்தைக் கூட்டுங்கள். 45 பாகையில் இரண்டு பாகை பிசகினால் மூன்று மீட்டர் பிசகும். ஆகவே இருவர் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று அளந்து சராசரி எடுப்பது நல்லது. ராக்கெட் ஒருவர் பக்கம் சாய்ந்தால் இன்னொருவர் கணக்கில் அது பெரும்பாலும் ஈடாகிவிடும்.

இப்போது கணக்கையும் அளவையும் சேர்க்கலாம். நம் 120 கிராம் போத்தல் 36.4 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 40-க்குப் பதில் 34 மீட்டர்தான் போனது என்று வைத்துக்கொள்வோம். சூத்திரத்தில் தடை எண்ணை மாற்றிக்கொண்டே போய், 34 மீட்டருக்கு 36.4 வேகம் வரும் இடத்தைப் பிடியுங்கள். 0.0122 என்று தொடங்கிய தடை எண் 0.0184-இல் பொருந்தும். அப்படியானால் இழுவைக் குணகம் 0.4 இல்லை, 0.6. துடுப்பு ஒன்று கோணலாக ஒட்டியிருக்கலாம், போத்தல் ஆடிக்கொண்டே போயிருக்கலாம், மூக்கு ஒருபக்கம் சாய்ந்திருக்கலாம். இந்த 0.6-ஐ வைத்து 40 மீட்டருக்கு மறுபடி கணக்கிட்டால் விநாடிக்கு 42 மீட்டர் வேண்டும். அதற்குப் போத்தலில் காற்றழுத்தத்தைக் கூட்டலாம், அல்லது துடுப்புகளைப் பிரித்து நேராக ஒட்டிக் குணகத்தை இறக்கலாம். பிளாஸ்டிக் போத்தல் அழுத்தம் தாங்காமல் வெடிக்கக்கூடியது, பலமுறை ஏவியதென்றால் இன்னும் சீக்கிரம் வெடிக்கும். முதலில் துடுப்பைத் தொடுங்கள்.